இரவு தெரிந்தது காலையில் எங்கே போகிறது? உங்கள் பிள்ளைக்கோ உங்களுக்கோ நடந்ததை எழுதுங்கள்

களுவாஞ்சிக்குடி அம்மா:

மூத்தவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. அடுத்த நாள் வரலாறு. இரவு பதினொரு மணிக்கு "எல்லாம் முடிஞ்சுது அம்மா" என்று புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கமெல்லாம் மஞ்சள் ஹைலைட்டர். கோடு விழாத வரியைத்தான் தேட வேண்டும். சரி என்று புத்தகத்தை வாங்கி மூடிவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டேன்: 1833இல் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தில் என்ன செய்தார்கள்? வாயைத் திறந்தாள், மூடினாள். "அம்மா, பக்கம் தெரியுது. இடப்பக்கம், கீழ, படத்துக்குக் கிட்ட. எழுத்துத்தான் வருதில்ல" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னொருக்கா வாசி மனே." இரண்டு மணி வரைக்கும் வாசித்தாள் பாவம்.

பிறகுதான் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு பேர் 2006இல் செய்த ஆய்வைப் படித்தேன். பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு பகுதியினரைத் திரும்ப வாசிக்க விட்டார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவில் வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னுக்கு: அவர்கள் 81 வீதம், எழுதியவர்கள் 75. ஒரு கிழமை கழித்து அது தலைகீழ்: திரும்ப வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. அந்த ஐந்து நிமிடக் கெட்டித்தனத்தைத்தான் என் பிள்ளை "முடிஞ்சுது" என்று நம்பியிருக்கிறாள். நானும் நம்பி, அவளைத் திரும்ப வாசிக்க அனுப்பினேன். அதுதான் ஆறவில்லை.

காத்தான்குடி:

அம்மா, நீங்கள் சொன்ன அந்த மூடிய புத்தகம் எனக்கு நன்றாகத் தெரியும். பத்து வயதில் குர்ஆனை மனனமிடும் ஹிப்ழு மதரசாவுக்குப் போனேன். அதிகாலையில் சுபஹ் தொழுதுவிட்டு உஸ்தாத், அதாவது ஆசிரியர், முன்னால் உட்கார்ந்து பாடம் கொடுக்க வேண்டும். புதுப் பாடம் மட்டுமல்ல, நேற்றையது, போன கிழமையது, எப்போதோ முடித்த ஜுஸ்உ (குர்ஆனின் ஒரு பாகம்) என்று எல்லாம் சுழன்று வரும். ஒருநாள் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். உஸ்தாத் எடுத்துக் கொடுக்கவில்லை. விரலால் மேசையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது, பின்வரிசைப் பையன்கள்கூட ஓதுவதை நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு நேரம் போனதோ, சொல் தானாக வந்தது. இருபது வருடமாகியும் அந்த இடத்தில் நான் நின்றதில்லை.

அதே நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் கொப்பியைப் பார்த்துப் பார்த்தே வாசித்து, உயர்தரத்தில் கோட்டை விட்டேன். இரண்டும் ஒரே வேலை என்று யாருமே சொல்லித் தரவில்லை. என்னைக் கேட்டால் பொருள் பிறகு வரும், முதலில் வாயில் ஏற வேண்டும்.

அக்கரைப்பற்று, கணித ரியூசன்:

தம்பி, கடைசி வரியை ஏற்க முடியாது. ஓதலுக்கு அது சரி. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பொருள் புரியாமல் வாயில் ஏற்றினால், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் பிள்ளை நின்றுவிடும்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். கனவளவுப் பாடத்தில் பயிற்சிக் கணக்கு ஒன்றுகூடத் தப்பாது. மாதிரி வினாத்தாளில் கூம்புக்கு உருளையின் சூத்திரத்தைப் போட்டிருந்தான். "சேர், இது எந்தப் பாடத்துக் கணக்கு எண்டு போடல்லையே" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். நான்தான் பாடம் பாடமாகப் பிரித்துக் கொடுத்து, எது எது என்று அவன் யோசிக்கவே இடம் வைக்கவில்லை.

பெற்றோர் படிக்கட்டும் என்று எழுதுகிறேன், நீளமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2007இல் ரோரர், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே கனவளவுக் கணக்கை வைத்துத்தான் பார்த்தார்கள். வகை வகையாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 வீதம் சரி. கலந்து செய்தவர்கள் 60 தான். ஒரு கிழமை போனதும் வகையாகச் செய்தவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63! ஆகவே கொப்பியில் சரி விழுவதை வைத்துச் சந்தோஷப்படாதீர்கள். பழைய பாடத்துக் கணக்கு இரண்டை ஒவ்வொரு நாளும் புதிதோடு கலந்து கொடுங்கள். ஒரே இரவில் ஐந்து மணித்தியாலம் இருத்துவதை ஐந்து நாளுக்குப் பிரியுங்கள். ஜேர்மனியில் நினைவை ஆராய்ந்த எபிங்ஹவுஸ் என்பவர் தன்னையே சோதித்து, இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த முயற்சி போதும் என்று 1885லேயே எழுதிவிட்டார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை இரவில் தூங்க விடுங்கள். அப்புறம் "என் பிள்ளை பார்த்துப் படிக்கிற வகை, அவள் பிள்ளை கேட்டுப் படிக்கிற வகை" என்று பிரிப்பதை விட்டுவிடுங்கள். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் நன்மை என்பதற்குத் தகுந்த ஆதாரமில்லை என்று பாஷ்லர் என்ற உளவியலாளரின் குழு 2008இல் இருந்த ஆய்வுகளை அலசிச் சொன்னது. வகுப்பறையிலும் வெளியிலும் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

வந்தாறுமூலை:

சேர், என் தம்பியை ஒன்பதாம் வகுப்பில் "மண்டையில ஒண்டும் ஏறாது" என்றுதான் ஒதுக்கினார்கள். அந்த வருடம் எங்கள் ஊரில் வடமோடிக் கூத்துப் பழகினார்கள், அவனுக்கு அருச்சுனன். கொப்பியை வாங்கிவிட்டு "இருந்து சொல்லு" என்றால் நாலாவது வரியில் திக்குவான். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்ததும் எழும்பி நிற்பான். தாளம் விழும், கால் போகும், பாட்டு ஒரு சொல் பிசகாமல் வரும். விடியும் வரைக்கும் ஆடினான். நான் கூத்தாடும் களரிக்குக் கீழே கொப்பியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன், ஒன்றும் விடவில்லை.

1975இல் கோடன், பாட்லி என்பவர்கள் முக்குளிப்பவர்களைத் தண்ணீருக்கு அடியில் சொற்களைப் படிக்க வைத்தார்களாம். அங்கே படித்தது அங்கேயே கூடுதலாக நினைவு வந்ததாம். தம்பிக்குக் களரிதான் அந்தத் தண்ணீர். அவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். இப்போது மேசன் வேலை.

குருக்கள்மடம்:

வந்தாறுமூலை அக்கா, உங்கள் தம்பியை நினைக்க எனக்கும் மனம் கனக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் ஆய்வை 2021இல் முர்ரே என்பவர் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. உங்கள் தம்பிக்கு உதவியது இடமில்லை, தாளமும் ஆட்டமும் என்றுதான் நான் சொல்வேன். ஒரு அடி அடுத்த அடியை இழுத்து வரும். எந்த மேசையிலும் அவன் தாளம் போட்டிருக்கலாமே.

கல்லடி:

இது படிப்புப் பற்றியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26இல் எனக்கு ஆறு வயது. அலை வந்தது எனக்குத் தெரியும்: கறுப்புத் தண்ணீர், டீசல் மணம், எங்கள் கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் மெல்லச் சாய்ந்தது. அடுத்த வருடம் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஆட்கள் படம் கீறச் சொன்னபோதும் அந்தக் கோபுரத்தைத்தான் கீறினேன்.

போன வருடம் ஒரு சாப்பாட்டு வேளையில் இதைச் சொல்ல, பெரியம்மா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "நீ அண்டைக்குச் செங்கலடியில எங்கட வீட்ட நிண்டாய் மகன். லீவுக்கு வந்தனி. மூண்டு நாள் கழிச்சுத்தான் கொண்டு வந்து விட்டம்" என்றார். அம்மாவும் ஆமென்றார்.

லொஃப்டஸ் என்ற பெண்மணி 1995இல் வெளியிட்ட ஆய்வில், 24 பேரிடம் "சின்ன வயதில் கடைத்தொகுதியில் தொலைந்து போனாய்" என்று நடக்காத ஒன்றைச் சொந்தக்காரர் சொன்னதாகக் கொடுத்தார். ஆறு பேர் முழுக்கவோ கொஞ்சமோ நினைவிருக்கிறது என்றார்கள். எனக்கு யாரும் வேண்டுமென்று சொல்லவில்லை. ஊர் முழுக்க வருடக்கணக்கில் சொன்னது உள்ளே போய் என்னுடையதாகிவிட்டது.

நான் பொய் சொல்லவில்லை, இப்போதும் அந்த மணம் வருகிறது. ஆனால் நாவலடியில் அந்த அலைக்குத் தாயைப் பறிகொடுத்த ஒரு நண்பன் எனக்கு இருக்கிறான். "நானும் கண்டனான்டா" என்று அவனிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான். அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று யாராவது சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடி அம்மா:

கல்லடித் தம்பி, மற்றவர்கள் எழுதும் முன் நான் எழுதுகிறேன். நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். பெரியம்மா சொன்ன அதே சொல்லில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவன் கண்டதைக் கேளுங்கள். இத்தனை வருடத்தில் அவன் சொல்ல இடம் கிடைத்ததோ தெரியாது.