மறு: என்.ஏ-வுக்கு "பதிவிலி" சரிவருமா?

அண்ணாச்சி, ஆர்ங்கற புள்ளியியல் மென்பொருள்ல மதிப்பு இல்லாத கட்டத்துக்கு வர்ற என்.ஏ (NA)-வுக்குத் தமிழ்ல நேத்து நீங்க சொன்ன "விடுபட்ட மதிப்பு" பத்தித்தான் எழுதுகேன். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரோ எழுத மறந்துட்டாங்கன்னு தொனிக்குது, அதான் எனக்கு உதைக்குது.

நடந்தது என்னன்னா, நாகர்கோவில்ல பிள்ளைகளுக்கு ஆர் மென்பொருள் ஆரம்பிச்சுக் குடுக்கலாம்னு உக்காந்தோம். எண்களச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்ற ஞாபகத் தேர்வோட மார்க்குதான் டேட்டா. ஃபைல ஏத்தி சராசரி கேட்டா வெறும் "என்.ஏ"ன்னு வந்து நிக்கி, ஒரு பிள்ளை சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சா சார்ன்னு கேக்கா. கெடல, ஒரு கட்டம் காலியா கெடக்கு, அது என்னன்னு தெரியாம சராசரி சொல்ல மாட்டேங்குது, அவ்வளவுதான். என்.ஏ-வ விட்டுரச் சொல்லி na.rm = TRUE போட்டா மிச்சத்த வச்சு சொல்லிரும். நான் அதச் சொல்லி முடிக்கதுக்குள்ள ஒருத்தன் எக்செல்லுக்குப் போயி காலிக் கட்டத்துல சைபர் போட்டுட்டான்!

பையன் குலசேகரம் பக்கம், வீட்டுல ரப்பர் உண்டு. மழை அன்னைக்கு பால் வெட்டு இல்லன்னா நோட்டுல என்னடே எழுதுவன்னு கேட்டேன். கோடு போடுவோம் சார்ன்னான். சைபர்னு எழுதுனா? மரம் பால் தரலன்னு ஆயிருமேன்னு அவனே சொல்லிட்டு சைபர அழிச்சான்.

> "வெற்று மதிப்பு" போதாதா?

போதாது, வெற்றுங்கறது NULL-க்கு வேணும், அது ஒண்ணுமே இல்லங்கறதுக்கான குறி. ஆர்ல NULL-ஐ ஒரு வரிசைக்குள்ள சேத்தா எண்ணிக்கை கூடுறதே இல்ல, என்.ஏ ஒரு எடத்தப் பிடிச்சு உக்காந்துக்கிடும். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா பொறவு நாமதான் கெடந்து முழிக்கணும்.

> பதிவிலி ஆள் பேரு மாதிரி இருக்கு

முடிவிலி பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்துலயே இருக்கே, அத யாரும் ஆளுன்னு நெனைக்கலயே. ஆர்ல 1-ஐ 0-ஆல வகுத்தா வர்றது அந்த முடிவிலிதான், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கட்டும். 0-ஐ 0-ஆல வகுத்தா வர்ற NaN-க்கு (எண்ணே இல்லங்கற குறி) "எண்ணிலி" வைக்க ஆச, ஆனா அது எண்ண முடியாததுன்னு பழைய பொருள்ல முன்னமே போயிட்டு, அதனால "எண்ணல்லது"ன்னு விட்டுருவோம்.

ஒரு எடத்துல மட்டும் எனக்கே தடுமாறுது. 1935-ல ஸ்ட்ரூப்ங்கற உளவியலாளர் போட்ட நிறத் தேர்வு தெரியுமில்லா, சிவப்பு மையில "பச்சை"ன்னு எழுதி மை நிறத்தக் கேக்கது. அதுல குடுத்த நேரத்துக்குள்ள பட்டன் அமுக்காதவனுக்கும் பதிவிலிதான் விழும், ஆனா அவன் மெதுவா இருந்ததாலதானே அமுக்கல? அதத் தூக்கிட்டு சராசரி எடுத்தா எல்லாரும் வேகமா இருக்க மாதிரி காட்டும். தற்செயலா போனதயும் இப்படிக் காரணத்தோட போனதயும் 1976-லயே ரூபின்ங்கற புள்ளியியலாளர் பிரிச்சு எழுதிட்டாரு, நமக்குத்தான் தமிழ்ல அதுக்குப் பேரில்ல. "காரணப் பதிவிலி"ன்னு ஒன்னு தோணிச்சு, சொல்லிப் பாத்தா வாயில நிக்க மாட்டேங்குது.

திங்கக்கெழம மார்த்தாண்டத்துல அடுத்த வகுப்பு. இந்த ரெண்டாவதுக்கு யாருக்காவது நல்ல சொல்லு தோணுனா போடுங்க, மொதலாவத நான் பதிவிலின்னே போர்டுல எழுதப் போறேன்.