என் கைவேலையை நானே சொல்லிக்கொடுத்து அனுப்பிவைக்க வேண்டுமா?

செராய்க்காரன் எழுதியது:

வணக்கம். மலேசியாவின் பாடாங் செராயிலிருந்து எழுதுகிறேன். வயது 44. கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 19 ஆண்டுகளாக டை மேக்கர். கெட்டில், காபி இயந்திரம் போன்றவற்றுக்குள் போகும் சின்னப் பித்தளைக் கால்களைத் தகட்டிலிருந்து வெட்டும் டைகளை, அதாவது பிரஸ் இயந்திரத்தில் மாட்டும் உலோக அச்சுகளை, செய்வதும் பழுதுபார்ப்பதும் என் வேலை.

மூன்று வாரத்துக்கு முன் மேலாளர் கூப்பிட்டார். ஆறு பிரஸ்களும் வியட்நாமுக்குப் போகின்றனவாம். வாடிக்கையாளர் அங்கே தொழிற்சாலை திறந்துவிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தோடு வியட்நாமுக்கு 2020 முதல் வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது, நமக்கு இல்லை, வரியில் மிச்சம் என்றார். இப்போது அங்கிருந்து நான்கு இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். ஆறு வாரத்தில் அவர்களுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்து, ஒவ்வொரு டைக்கும் பழுதுபார்க்கும் முறையை எழுதியும் தர வேண்டும். என் கதி என்ன என்று கேட்டேன். "அப்புறம் பேசலாம்."

எதை எழுதுவது? தகடு 0.3 மி.மீ. மேலிருந்து இறங்கி வெட்டும் பஞ்ச் முனைக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு 0.015 மி.மீ. இடைவெளி, தலைமுடியில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இதை எழுதலாம். ஆனால் முனை மழுங்கத் தொடங்கினால் பிரஸ்ஸின் சத்தம் மாறும். 'டக் டக்' என்று விழுந்தது கொஞ்சம் ஈரத் துணியில் அடித்ததுபோல் விழும். அப்போது ஒரு துண்டை எடுத்து ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் வருடிப் பார்ப்பேன். பிசிறு நகத்தில் மாட்டினால் டையைக் கழற்றிக் கிரைண்டிங் போட வேண்டும். அளவுக் கருவி அதைச் சொல்வதற்குள் ஆயிரம் துண்டு வீணாகியிருக்கும்.

அம்மா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். கட்டையில் கத்தி படாமல், காகிதம்போல் பட்டையை எடுப்பார். கட்டையில் பட்டால் மரம் முண்டு முண்டாக வீங்கிவிடும். அவர் சீவிய மரத்தைத் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியபோது அந்தக் கைக்கு யாரும் ஒரு காசு தரவில்லை. ஆனால் அவரை யாரும் "சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ" என்றும் கேட்கவில்லை. எனக்கு அதுவும் வந்திருக்கிறது.

சொல்லிக்கொடுக்க மறுக்கலாமா? மறுத்தால் வேலையை விட்டு நீக்குவார்களா?

---

பழைய சங்கத்துக்காரர் எழுதியது (சுங்கை பட்டாணி):

தம்பி, மறுக்காதே. மேலதிகாரி சொன்னதைச் செய்யவில்லை என்று ஒழுங்கு நடவடிக்கையில் இழுத்துவிட்டால் பணமும் போய்விடும். கோபத்தை ஒத்திவைத்துவிட்டுக் கணக்கைப் பார்.

மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்றால் 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்புப் பலன் விதிகள் உனக்குப் பொருந்தும். ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். உனக்கு 380 நாள். 3,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 43,200, அதை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 118 வெள்ளி சொச்சம். ஏறக்குறைய 45,000 வெள்ளி வரும். எட்டு வார முன்னறிவிப்பு தனி. 30 நாளுக்கு முன்பே முதலாளி தொழிலாளர் இலாகாவுக்கு ஆட்குறைப்பைத் தெரிவிக்கும் பிகே பாரம் அனுப்பியிருக்க வேண்டும். அதே வேலையில் அந்நியத் தொழிலாளர் இருந்தால் முதலில் அவர்களைத்தான் நிறுத்த வேண்டும்.

இவ்வளவும் "நானாக விலகுகிறேன்" என்று நீ ஒரு தாளில் கையெழுத்துப் போடாதவரை. பிரியாணி விருந்து வைத்து, தோளில் கை போட்டு, அந்தத் தாளை நீட்டுவார்கள். என் காலத்தில் எத்தனையோ பேர் வாயில் சோற்றோடு கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். வேலை போனதும் 60 நாளுக்குள் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலைக் காப்புறுதிக்கு மனுச் செய். முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு இன்னும் குறையும்.

---

பத்து காவான் எழுதியது:

அண்ணே, வருத்தம் புரிகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரத்துக்கு இண்டெல் வந்தபோது, நமக்கு வந்த வேலை அமெரிக்காவில் யாரோ ஒருவர் கையிலிருந்து வந்ததுதான். இப்போது அதே கப்பல் வியட்நாமுக்குப் போகிறது. அந்த நான்கு பையன்கள்மேல் கோபப்படாதீர்கள்.

அதோடு, 2018-இல் அமெரிக்கா சீனப் பொருள்கள்மேல் வரி போட்ட பிறகு பினாங்குக்கும் கூலிமுக்கும் வந்த தொழிற்சாலைகளும் உண்டு. நல்ல டை மேக்கர் எளிதில் கிடைப்பதில்லை. உங்களிடம் சான்றிதழ் இல்லை என்றால், வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தைக் காட்டியே மலேசியத் திறன் சான்றிதழ் எஸ்கேஎம் வாங்கும் வழி இருக்கிறது. அதற்குப் பெயர் பிபிடி. எழுதித் தரும் முறைகளில் ரகசியமில்லாத பகுதிகளையும் டையின் படங்களையும் நிறுவனத்தின் அனுமதியோடு சேர்த்து வையுங்கள். அங்கே அவைதான் சான்று.

---

மூன்றாவது ஷிப்ட் எழுதியது:

கப்பல் கதையெல்லாம் பொறியாளர்களுக்கு நன்றாகத்தான் இருக்கும்.

நான் ஹார்ட் டிஸ்க் வேலையில் 14 ஆண்டு இருந்தேன். எங்கள் பிரிவு தாய்லாந்துக்குப் போனது. அங்கிருந்து வந்த பெண்களுக்கு நான்தான் பயிற்சி. கோபத்தில் ஒரே ஒரு விஷயத்தை மறைத்தேன்; நுண்ணோக்கியில் தூசியையும் கீறலையும் பிரித்தறிய விளக்கைச் சாய்க்கும் கோணம். பத்து நாளில் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பெண் அதை எனக்கே சொல்லிக்கொடுக்க வந்தாள். அன்று வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆனால் கேளுங்கள். என்னோடு பயிற்சி கொடுத்த ஒரு சீனப் பெண், தொடங்குவதற்கு முன்பே பயிற்சிக்குத் தனித்தொகை கேட்டு, கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டாள். இரண்டு மாதச் சம்பளம். அப்படிக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. சட்டம் தருவது வேறு, அவர்களுக்கு அவசரம் இருக்கும்போது கேட்டு வாங்குவது வேறு. ஆறு வாரத்தில் எத்தனை வாரம் மீதி?

---

செராய்க்காரன் எழுதியது:

மூன்று வாரம், அக்கா.

பத்து காவான் தம்பி, 1972-இல் வேலை இழந்த அந்த அமெரிக்கரிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்று தெரிந்தால் சொல்லுங்கள். பிபிடி பற்றிச் சொன்னதற்கு நன்றி.

நாளை காலை மேலாளரிடம் இரண்டு மாதத் தொகையைக் கேட்கிறேன். எழுத்தில் வரும்வரை முறைகளை எழுதித் தருவது மெதுவாகத்தான் நடக்கும். பையன்களில் ஒருவன் இன்று தானாகவே துண்டை எடுத்து நகத்தால் வருடிப் பார்த்தான். என்னைப் பார்த்துத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சங்கத்துக்காரர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. முதல் 11 மாதம் ஆள் சேர்த்துவிடும் குத்தகைக்காரர் (கான்ட்ராக்டர்) வழியாக அதே இடத்தில் வேலை செய்தேன். அது கணக்கில் சேருமா? அந்தச் சம்பளச் சீட்டுகள் அம்மாவின் பழைய மைலோ டின்னில், அவருடைய தோட்டத்துச் செக்ரோல் அட்டைக்கு (வேலை நாள், சம்பளப் பதிவு அட்டை) அடியில் இருக்கின்றன.

---

பழைய சங்கத்துக்காரர் எழுதியது:

டின்னோடு எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போ. அதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வை.