மறுமொழி: சுருட்கொள்ளளவமா, சுற்றிடைக் கொள்ளளவமா?

சேருக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் கலைச்சொற் பட்டியலுக்காகப் போன கிழமை தொடங்கிய இழையைத் தொடர்கிறேன். ஒரு கம்பிச் சுருளோடு கொள்ளளவி (மின்தேக்கி) எதையும் இணைக்காமல் விட்டாலும் அது ஏதோ ஒரு மீடிறனில் தானாகவே பரிவுறும். யாரும் வைக்காமலே ஒரு சிறு கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) அதற்குள் குடியிருப்பதுதான் காரணம். அதற்கு என்ன பெயர் வைப்பது? (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எங்கள் பரிவு உங்கள் ஒத்ததிர்வு, எங்கள் மீடிறன் உங்கள் அதிர்வெண், எங்கள் கொள்ளளவம் உங்கள் மின்தேக்குதிறன். எது சிறந்தது என்ற பழைய சண்டையை இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம்.)

> ஒட்டுண்ணி மின்தேக்குதிறன் என்றே வைக்கலாமே?

வேண்டாம் என்பேன். ஒட்டுண்ணி வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது. இது சுருளைச் சுற்றும்போதே பிறப்பது. அதோடு இது எப்போதும் கேடுமல்ல. டெஸ்லா இதை வேண்டுமென்றே பெருக்கினார். 1894 ஜனவரி 9 அன்று அவருக்குக் கிடைத்த 512,340ஆம் இலக்க அமெரிக்கக் காப்புரிமையில் அவரே ஓர் உதாரணக் கணக்குப் போடுகிறார். 1000 சுற்றுள்ள சுருளுக்கு 100 வோல்ட் கொடுத்தால் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 0.1 வோல்ட்தான் இருக்கும். இரண்டு கம்பிகளைச் சேர்த்துச் சுற்றி, முதற் கம்பியின் முடிவை இரண்டாவதன் தொடக்கத்தோடு இணைத்தால் அதே இடைவெளியில் 50 வோல்ட் வந்துவிடும். தேங்கும் சக்தி மின்னழுத்த வித்தியாசத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அது 250,000 மடங்காகும். இப்படி ஒருவர் தேடிப் போய் வாங்கிய பொருளை ஒட்டுண்ணி என்பது சரியில்லை.

> தற்தூண்டல் இருக்கிறதே, அதைப் பார்த்துத் தற்கொள்ளளவம் என்றால் என்ன?

புணர்ச்சி சரிதான். ஆனால் ‘தற்கொ’ வரைக்கும் வாசித்த பிள்ளை அடுத்து எந்த எழுத்தை எதிர்பார்க்கும்? கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், வகுப்பே சிரிக்கும்.

என் முன்மொழிவு சுற்றிடைக் கொள்ளளவம். உப்புவெளியில் எங்கள் மேசையில் செய்து பார்த்ததிலிருந்து சொல்கிறேன். ஒரே எனாமல் கம்பி, ஒரே அளவு பிவிசி குழாய், சுற்று எண்ணிக்கையும் ஒன்றே. இரண்டு படைகளாக (அடுக்குகளாக) சுற்றினோம். முதல் சுருளில் கம்பி வலப்பக்கம் போய், அங்கிருந்தே திரும்பி இடப்பக்கம் வந்தது. இதைப் போய்வரு சுற்று என்கிறோம். அடுத்த சுருளில் முதற்படை முடிந்ததும் கம்பியை நேராக இடப்பக்கம் இழுத்து வந்து, மறுபடி இடமிருந்து வலமாகவே சுற்றினோம். இது ஒருதிசைச் சுற்று. ஒருதிசைச் சுற்றின் பரிவு மீடிறன் தெளிவாக மேலே நின்றது.

காகிதத்திலும் அப்படித்தான் வர வேண்டும். போய்வரு சுற்றில் படைகளுக்கு இடையிலுள்ள அழுத்த வித்தியாசம் ஒரு முனையில் சுழி, மறுமுனையில் முழு அழுத்தம். அதன் வர்க்கத்தின் சராசரி மூன்றில் ஒன்று. ஒருதிசைச் சுற்றில் எங்கும் சரிபாதி, வர்க்கம் நான்கில் ஒன்று. ஆகவே படைகளுக்கு இடையிலான கொள்ளளவம் முக்கால் பங்காகும், மீடிறன் ஏறத்தாழ 15 சதவீதம் கூடும். கம்பி மாறவில்லை, தூண்டற்றிறனும் (ஓட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு) அநேகமாக மாறவில்லை. சுற்றும் விதம் மட்டும்தான் மாறியது. தேன்கூட்டுச் சுற்றும் கூடைப்பின்னல் சுற்றும் வந்ததே கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் நீளமாகப் படுக்காமல் குறுக்கே வெட்டிப் போகட்டும் என்றுதானே?

செய்து பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒஸிலோஸ்கோப் (அலைகாட்டி) புரோப்பைச் சுருளில் நேரடியாக மாட்டாதீர்கள். பத்து மடங்கு புரோப்பே 10 பிக்கோபரட்டுக்கு (கொள்ளளவத்தின் மிகச் சிறிய அலகு) மேல் சேர்த்துவிடும். நீங்கள் அளக்க வந்த பொருள் அதைவிடச் சிறியதாக இருக்கலாம். இரண்டு சுற்று வளையம் ஒன்றைத் தள்ளி வைத்து அதிலிருந்து எடுங்கள். அப்புறம், வாடைக்காற்றுக் காலத்தில் காகித மட்டைக் குழாயில் சுற்றினால் ஈரத்தை உறிஞ்சி மீடிறன் கீழே இறங்கும். கடற்கரையில் இருக்கிற எங்களுக்கு வார்னிஷ் இல்லாமல் காரியம் நடக்காது.

(உப்புவெளி)

———

அன்புள்ள தம்பிக்கு,

ஒட்டுண்ணியை விரட்டியது நல்லது. போய்வரு சுற்று, ஒருதிசைச் சுற்று இரண்டும் அருமையான சொற்கள். விளக்கம் இல்லாமலே படம் கண்ணில் தெரிகிறது. அவற்றை அப்படியே பட்டியலில் ஏற்றலாம்.

சுற்றிடைக் கொள்ளளவத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் சுற்றியது இரட்டைப் படை. ஒற்றைப் படைச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் குட்டிக் கொள்ளளவிகள், அவை தொடராக இணைந்து நிற்கின்றன என்று பல புத்தகங்கள் படம் போட்டிருக்கின்றன. தொடராக நூறு கொள்ளளவிகள் நின்றால் மொத்தம் நூறில் ஒன்றாகிவிடும். அளந்தால் வருவது அதுவல்ல.

மெத்கர்ஸ்ட் என்பவர் 1947இல் ஒற்றைப் படைச் சுருள்களை அளந்து வெளியிட்டார். அவர் கண்டதன் சாரம்: ஒரு முனை புவியோடு இணைந்திருக்கும்போது இந்தக் கொள்ளளவம் சுருளின் விட்டத்தையும், நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது. 5 சென்ரிமீற்றர் விட்டம், 5 சென்ரிமீற்றர் நீளம் என்றால் அவருடைய அட்டவணைப்படி 2.3 பிக்கோபரட். அதே சுற்றுகளை 10 சென்ரிமீற்றருக்குப் பரப்பினால் 2.5. சுற்றுகளின் இடைவெளி இரட்டிக்கிறது, கொள்ளளவம் சற்றே கூடுகிறது! சுற்றிடை என்ற பெயரை நம்பும் மாணவன், சுற்றுகளை விலக்கினால் இது குறையும் என்று எண்ணி மினக்கெடுவான். பெயரே அவனைப் பிழையான இடத்துக்கு அனுப்பும்.

அதனால் சுருட்கொள்ளளவம் என்கிறேன். முள்ளும் செடியும் முட்செடி ஆவதுபோலத்தான் இந்தப் புணர்ச்சியும். எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாமல், யாருடையது என்று மட்டும் சொல்கிறது. பரிவுக்குத் தற்பரிவு மீடிறன் போதும். அங்கே சிரிப்புக்கு இடமில்லை.

அளக்கும் முறை ஒன்றையும் சேர்க்க வேண்டும், உயர்தர வகுப்புப் பிள்ளைகளே செய்யலாம். சுருளுக்குச் சமாந்தரமாகத் தெரிந்த கொள்ளளவிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பரிவு மீடிறனை எடுங்கள். மீடிறனின் வர்க்கத்தின் நிகர்மாற்றை (ஒன்றை அதனால் வகுத்து வருவதை) நிலைக்குத்து அச்சிலும் மாட்டிய கொள்ளளவத்தைக் கிடையச்சிலும் வைத்து வரைந்தால் நேர்கோடு வரும். அதைப் பின்னோக்கி நீட்டினால் கிடையச்சை உற்பத்திக்கு (அச்சுகள் சந்திக்கும் புள்ளிக்கு) இடப்பக்கம் வெட்டும். அந்தத் தூரமே சுருட்கொள்ளளவம். உதாரணத்துக்கு, 100 மைக்ரோஹென்றிச் சுருளில் அது 5 பிக்கோபரட் என்றால் தற்பரிவு ஏறத்தாழ 7.1 மெகாஹேர்ட்ஸ். கொள்ளளவம் 20 பிக்கோபரட் என்றால் அதில் பாதி.

டெஸ்லாவின் சுற்றுக்கு இருகம்பிச் சுற்று என்று எழுதும் வழக்கத்தையும் பார்க்கிறேன். ஆய்வுகூடத் தடைப்பெட்டிக்குள் இருப்பதும் இருகம்பிதான். அங்கே ஒரே கம்பியை நடுவில் மடித்துச் சுற்றுவார்கள். ஓட்டம் எதிரெதிராகப் போவதால் தூண்டல் அநேகமாக அழிந்துவிடும். டெஸ்லாவினதில் ஓட்டம் ஒரே பக்கமாகப் போகிறது, தூண்டல் அப்படியே இருக்கிறது. குணத்தில் எதிரான இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது. டெஸ்லாவின் சுருளிலிருந்து இலவச மின்சாரம் எடுக்கலாம் என்று இணையத்தில் விற்கும் கூட்டத்துக்கு இந்தக் குழப்பமும் வசதியாகப் போய்விட்டது.

திருகோணமலைப் பக்கம் பெர்காராவில் ஜெர்மன் வானொலியின் அஞ்சல் (மறு ஒலிபரப்பு) நிலையம் மத்திய அலையில், 1548 கிலோஹேர்ட்ஸில், ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில் அதைக் கேட்க இங்கே வானொலிப் பெட்டிக்குச் சிலந்திவலைச் சுருள் சுற்றிய பையன்கள் எத்தனையோ பேர். அவர்களில் யாராவது இந்தக் குழுமத்தில் இருந்தால், அப்போது வாயில் புழங்கிய சொற்களை எழுதுங்கள். நாம் புதிதாக ஆக்குவதைவிட அவை நன்றாக இருக்கலாம்.

(திருமலை நகர்)

———

சேர்,

ஒற்றைப் படைக்குச் சுற்றிடை பொருந்தாது, சரி. பொதுப் பெயர் சுருட்கொள்ளளவமாகவே இருக்கட்டும். ஆனால் பல படைச் சுருளில் பெரும்பங்கு படைகளுக்கு நடுவிலிருந்துதான் வருகிறது. அந்தப் பங்குக்குப் படையிடைக் கொள்ளளவம் என்று தனியாக ஒரு பதிவு வேண்டும். மோட்டர் கொயில் கட்டுகிறவர்களுக்கு அதுதான் உதவும்.

தடைப்பெட்டிக்குள் இருப்பதை மடிகம்பிச் சுற்று என்றும், டெஸ்லாவினதை இணைகம்பிச் சுற்று என்றும் பிரித்து எழுதியிருக்கிறேன். ‘இணை’ என்றதும் சமாந்தர இணைப்பு என்று யாராவது நினைப்பார்களோ என்ற ஐயம் மட்டும் இருக்கிறது. கம்பிகள் படுப்பதுதான் இணையாக, இணைப்பு தொடரானது. வேறு சொல் கிடைக்கும்வரை அந்தப் பதிவுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைக்கிறேன். மற்றவற்றை வெள்ளிக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுவேன், ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்குள் எழுதுங்கள்.