டிரை ஃபுட் பைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதில்மேல்பூனை:

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். இரண்டுக்கும் முக்கியச் சாப்பாடு டிரை ஃபுட்தான். இருந்த பை தீரப்போகிற நேரத்தில், "புரதம் 40%" என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு புதுப் பை கண்ணில் பட்டது. ஏற்கெனவே கொடுப்பதில் 32தான். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனாலும் இரண்டு பைகளின் முதுகையும் படித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பேனாவும் தாளுமாக உட்கார்ந்தேன்.

மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலான பைகளில் போடமாட்டார்கள். நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 100இல் இருந்து புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரம், சாம்பல் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. சாம்பல் என்றதும் பதற வேண்டாம், தாது உப்புகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது அச்சிடப்படாத பைக்கு 7 அல்லது 8 என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது. புதுப் பையில் புரதம் 40, கொழுப்பு 20, நார் 3, ஈரம் 10, சாம்பல் 8. மிச்சம் 19. பழையதில் அதே வரிசையில் 32, 10, 4, 10, 7. மிச்சம் 37. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

இந்த இடத்தில் எழுந்திருந்தால் புதுப் பைதான் ஜெயித்திருக்கும். ஆனால் ஒரு பூனைக்கு நாளுக்கு இவ்வளவு கலோரி என்றுதானே அளந்து போடுகிறோம்? அதனால் கலோரியையும் போட்டுப் பார்த்தேன். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5 என்பது பிராணி உணவுகளுக்கான வழக்கமான கணக்கு. அதன்படி புதுப் பையில் 100 கிராமுக்குச் சுமார் 376 கலோரி, பழையதில் 326. நாளுக்கு 220 கலோரி தேவைப்படும் பூனைக்குப் புதியதில் 58 கிராம் போதும். அதில் புரதம் 23.4 கிராம். பழையதில் 67 கிராம் போட வேண்டும், புரதம் 21.6 கிராம். பையின் முகப்பில் எட்டு சதவீதமாக மிரட்டிய வித்தியாசம் தட்டுக்கு வரும்போது இரண்டு கிராம்கூட இல்லை. கொழுப்பு நுழைந்து கலோரியை ஏற்றிவிட்டதுதான் காரணம். பிராணி உணவுகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பு வளர்ந்த பூனைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 100 கலோரிக்கு 6.5 கிராம் புரதம். இரண்டு பைகளுமே அதைச் சுலபமாகத் தாண்டுகின்றன.

அப்புறம் தேடியது, "முழுமையான, சமச்சீரான உணவு" என்ற வாசகம். எந்த வயதுப் பூனைக்கு என்பதும் அதோடு இருக்க வேண்டும். தேவையான சத்து எல்லாம் அதில் உண்டு என்று சொல்லும் வாசகம் அது. என்னைக் கேட்டால் புரத சதவீதத்துக்கு முன்பே பார்க்க வேண்டியது இதுதான். உணவில் டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயத்தசை வீங்கித் தளர்ந்துவிடும் என்று 1987இல்தான் தெளிவாகத் தெரிந்தது. அதுவரை கடையில் விற்ற உணவைச் சாப்பிட்டே பூனைகளுக்கு அந்த நோய் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் டாரினைக் கூட்டிச் சேர்த்தார்கள்.

கடைசியில் ஓடியாடும் இளையவனுக்குப் புதுப் பை, கருத்தடை செய்து சோபாவோடு ஒட்டிக்கிடக்கும் பெரியவளுக்குப் பழைய பை என்று ஆனது. தட்டு மாறாமல் காவல் காப்பதுதான் இப்போது என் வேலை.

சாம்பல்வால்:

நல்ல கணக்கு. நான் தானியம் இல்லாத வகைக்கு மாறியவள். மாவுச்சத்து மிகவும் குறையும் என்று நம்பித்தான் மாற்றினேன். இதே கழித்தலைப் போட்டுப் பார்த்தால் முந்தையதைவிட மூன்று சதவீதம்தான் குறைவு! சோளமும் அரிசியும் போன இடத்தில் பட்டாணியும் உருளைக்கிழங்கும் வந்து உட்கார்ந்திருந்தன. மாவை அழுத்தத்தில் வேகவைத்துக் குருணையாக வெட்டும் இயந்திரத்தில், அது உப்பி உருவம் பிடிக்க ஏதோ ஒரு மாவுப்பொருள் வேண்டும். அதனால் டிரை ஃபுட்டில் அது இல்லாமல் போகாது.

இன்னொன்று. பையில் இருப்பது "கச்சாப் புரதம்". நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிச் சொல்லும் எண் அது. கோழியில் இருந்து வந்ததா பட்டாணியில் இருந்து வந்ததா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. பொருள் பட்டியலைப் பார்க்கலாம் என்றால் அங்கேயும் ஒரு சூட்சுமம். சமைக்கும் முன் இருந்த எடைப்படி வரிசை போடுவார்கள். பச்சைக் கோழியில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான், அந்த எடையில் முதல் இடத்துக்கு வந்துவிடும். பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம் என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். நான் இப்போது அவற்றை மனசுக்குள் ஒன்றாகக் கூட்டித்தான் படிக்கிறேன்.

கடுவன்வீடு:

எங்கள் கடுவன் மணல்தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கினான், சிறுநீர் சொட்டுக்கூட வரவில்லை. அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆண் பூனைக்கு இது உயிருக்கே ஆபத்தான அடைப்பு, யாரும் மறுநாள் வரை பார்க்காதீர்கள். அவர் எழுதிக்கொடுத்த சிறுநீர்ப்பை உணவில் புரதம் நான் ஒப்பிட்ட எல்லாவற்றையும்விடக் குறைவு. மெக்னீசியம், பாஸ்பரஸ் அளவைக் கட்டுப்படுத்தத்தான் அந்த உணவு. கூடவே ஈர உணவும் சேர்க்கச் சொன்னார், ஏனென்றால் டிரை ஃபுட்டில் தண்ணீர் பத்து சதவீதம்தான், ஈர உணவில் 75க்கு மேல்.

ஈர உணவு டப்பாவில் புரதம் 10% என்று பார்த்து முதலில் சலித்துக்கொண்டேன். ஈரம் 78 என்றால் மிச்சம் 22. அந்த 22இல் 10 என்றால் 45% வந்துவிட்டது!

மியாவ்பாட்டி:

கணக்கெல்லாம் சரி. எங்கள் மகாராணி, அலசி ஆராய்ந்து வாங்கிய பையை முகர்ந்துவிட்டு, மணலை மூடுகிற மாதிரி தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்விட்டாள். குருணையின் மேல் தெளிக்கும் சுவைப்பூச்சுக்குத்தான் அவளிடம் மதிப்பு. பசித்தால் சாப்பிடும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் ஆபத்து. பழையதில் ஒரு கைப்பிடி புதியதைக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மெல்ல மாற்றினோம். இப்போது முக்கால் பங்கு புதியது, கால் பங்கு பழையது. அதற்கு மேல் ஒரு குருணை கூடினாலும் கண்டுபிடித்துவிடுகிறாள்.