குளிர்ந்த காலைகளில் பாதி ரேம் காணவில்லை: எந்த லாக்கை எடுத்து வைப்பது?

கோத்தகிரி கடை:
வணக்கம். கோத்தகிரி டானிங்டன் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடையில் புழங்குவது கோர்பூட் (பயாஸுக்குப் பதிலாகப் போடும் திறந்த மூல ஃபர்ம்வேர்) போட்ட திங்க்பேட் எக்ஸ்230 லேப்டாப். 4 ஜிபி ரேம் இரண்டு. ஜனவரி பிறந்ததிலிருந்து காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கி ஆன் செய்தால் சில நாள் 4 ஜிபி மட்டுமே காட்டுகிறது. அணைத்து, வெயில் ஏறியபின் போட்டால் 8 ஜிபியும் வந்துவிடுகிறது. வந்ததும் சிபிமெம் கட்டளை கொடுத்து, கோர்பூட் எழும்போது எழுதிவைத்த குறிப்பை, அதாவது லாக்கை, எடுத்துத் தேதி போட்டு வைக்கிறேன். 19 சேர்ந்துவிட்டது, எதிலும் ஒரு குறையும் தெரியவில்லை. இதையெல்லாம் பகிர்ந்தால் யாருக்காவது உதவுமா?

குன்னூர் சால்டர்:
அண்ணா, நீங்கள் எடுத்ததெல்லாம் நன்றாக எழுந்த பிறகு வந்த லாக். சிபிமெம் காட்டுவது ரேமில் கிடப்பது. அணைத்தால் காலையில் நடந்தது போய்விடும். 4 ஜிபி காட்டும்போதே, அணைப்பதற்கு முன்னால் எடுங்கள். உங்கள் எக்ஸ்230 போன்ற ஐவி பிரிட்ஜ் (இன்டெல் சிப் தலைமுறை) போர்டுகளில் ரேம் டிரெய்னிங், அதாவது எழும்போது ரேமோடு பேசும் நேரக்கணக்கைச் சரிபார்ப்பது, ஒரு சேனலில் (ரேமுக்குப் போகும் பாதை, ஸ்லாட்டுக்கு ஒன்று) தோற்றால், அந்தச் சேனலை விட்டுவிட்டு மற்றதோடு எழுந்துகொள்ள கோர்பூட் முயலும். அப்படி நடந்தால் லாக்கில் எழுதியிருக்கும். லாக் அளவை எல்லா விவரமும் எழுதும் ஸ்ப்யூ வரை ஏற்றுங்கள், கூடவே லாக்குக்கு ஒதுக்கிய பஃபரையும் பெரிதாக்குங்கள். இடம் போதாவிட்டால் வரிகள் அறுந்துபோகும்.

கூடலூர் மழை:
19 லாக்கும் கட்டாயம் உதவும். நல்ல லாக் பக்கத்தில் இருந்தால்தானே கெட்டது எந்த வரியில் பிரிகிறது என்று தெரியும்? கோர்பூட்காரர்கள் போர்டு ஸ்டேட்டஸ் என்று இதற்கே ஒரு களஞ்சியம் வைத்திருக்கிறார்கள். கன்சோல் லாக் (நீங்கள் சிபிமெம்மில் எடுப்பது), லினக்ஸின் கெர்னல் லாக், கோர்பூட் கட்டிய கான்ஃபிக், எந்தக் கமிட் (கோடின் எந்தப் பதிப்பு) என்ற விவரம் எல்லாம் ஒன்றாகப் போகும்.

தயவுசெய்து எரர் வரியை மட்டும் வெட்டிப் போடாதீர்கள். அப்படி யாரோ வெட்டிப் போட்ட லாக்கை நம்பி, நன்றாக இருந்த சிப்பைக் கழற்றி மாற்றினேன். அதற்கு முந்தைய வரியில் ரேமின் வேகம் தவறாக இருந்தது, அது என் கண்ணுக்கே வரவில்லை. கெர்னல் லாக்கில் மேக் முகவரியோ (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) சீரியல் எண்ணோ இருந்தால் எண்ணை மட்டும் மறையுங்கள், வரி இருக்கட்டும். அப்புறம், கடைக்குள் எத்தனை டிகிரி என்றும் எழுதுங்கள். சென்னையில் படிப்பவருக்கு நம் ஜனவரிக் காலை தெரியாது.

கோத்தகிரி கடை:
பிடித்துவிட்டேன். இன்று கடைக்குள் 8 டிகிரி, விரல் மரத்துப்போய்த்தான் தட்டினேன். இரண்டாம் சேனலில் டிரெய்னிங் தோற்று, அதை விட்டுவிட்டு எழுந்ததாக இருக்கிறது. ரேம் இரண்டையும் ஸ்லாட் மாற்றிப் போட்டிருக்கிறேன். நாளைக் காலை பார்க்க வேண்டும்.

கோத்தகிரி கடை (மறுநாள்):
இன்று 7 டிகிரி. முதல் சேனலில் தோற்றிருக்கிறது. ஸ்லாட் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த ஒரு ரேம்தான் குளிர் தாங்கவில்லை. கெட்ட லாக் இரண்டையும் டிகிரி எழுதி, வெட்டாமல் ஏற்றுகிறேன். பழைய 19-இல் டிகிரி குறிக்கவில்லை, எடுத்த நேரம் மட்டும் இருக்கிறது, அதோடு போடுகிறேன்.