அப்பா சிகரெட்டை விட நினைக்கிறார், தமிழில் பேச ஆள் கிடைக்குமா?

வணக்கம். சிகரெட்டை விட்டுவிடுகிறேன் என்று அப்பா தானாகவே சொல்லியிருக்கிறார். இந்த மனம் மாறுவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிப்பாக இருக்கிறது.

சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குவிட்லைன் (புகைப்பதை விட உதவும் தொலைபேசிச் சேவை) எண் 1800 438 2000 தெரியும். 28 நாள் 'ஐ குவிட்' திட்டம் பற்றியும் படித்தேன். ஆனால் அப்பா ஆங்கிலத்தில் மனம்விட்டுப் பேச மாட்டார். "ஓகே, ஓகே" என்று போனை வைத்துவிடுவார். அங்கே யாராவது தமிழில் பேசியிருக்கிறீர்களா? அவருக்கு ஷிப்ட் வேலை. சொன்ன நேரத்துக்கு அவர்களே திரும்ப அழைப்பார்களா?

காலையில் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடித்து முடித்ததும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவுகிறது. அந்த நேரம்தான் பெரிய கஷ்டம். ஆசை எழுந்தாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களை உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தார்கள்? நிக்கோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டை, எது உதவியது? ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் மருந்தாளரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவோம்.

வேப் (மின்சிகரெட்) மட்டும் சொல்லாதீர்கள், இங்கே அது சட்டவிரோதம்.

விட்டவர்கள் யாராவது அப்பாவிடம் ஐந்து நிமிடம் பேசினால் பெரிய உதவி. உள்பெட்டிக்கு வாருங்கள்.