கர்நாக் நீர்க்கடிகாரம்: சாய்ந்த சுவர் பிழையை முழுக்கச் சரிசெய்ததா?

பரணி67: எகிப்தின் கர்நாக் கோயில் நீர்க்கடிகாரம், அதாவது அடித்துளை வழியே நீர் வடிய, மட்டம் இறங்குவதை வைத்து நேரம் பார்க்கும் பாத்திரம், அதைப் பற்றி நேற்று செந்தூரன் அண்ணாச்சி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "கர்நாக் பாத்திரத்தின் சுவர் சாய்வாக இருந்ததால் நீர்மட்டம் கடைசிச் சொட்டு வரை ஒரே சீராக இறங்கியது" என்கிறார். எந்தக் கணக்கில்? நீர் கால்வாசி உயரத்துக்கு வந்ததும் துளையில் வரும் ஓட்டம் பாதியாகிவிடும். அதை ஈடுகட்டச் சுவர் வளைந்திருக்க வேண்டும். மேலே கிட்டத்தட்ட செங்குத்து, அடியில் சட்டென்று குறுகல். கர்நாக்கில் இருப்பதோ பூந்தொட்டி போல நேர்ச்சாய்வு.

செந்தூரன்: 3,400 ஆண்டுக்கு முன்னால், எகிப்திய மன்னன் மூன்றாம் அமன்ஹோதெப் காலத்தில், ஒருவன் அலபாஸ்டர் கல்லைக் குடைந்து சாய்வு வைத்திருக்கிறான். நீர் குறையக் குறைய ஓட்டம் தளரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பாராட்ட உங்களுக்கு மனசு வராது. சூரியக் கடிகார விவாதத்திலும் இதே வேலைதான் பார்த்தீர்கள்.

பரணி67: பாராட்டு வேறு, "கடைசிச் சொட்டு வரை" வேறு. அடிவிட்டத்தைப் போல வாய்விட்டம் இருமடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி உயரத்தில் மட்டம் இறங்கும் வேகம் ஆரம்பத்தைவிடக் கால்பங்கு அதிகம். அடியை நெருங்கும்போது இழுத்தடிக்கும். இதுவா சீர்?

மாலதி_வானியல்: இருவரும் "சீர்" என்று எதைச் சொல்கிறீர்கள்? பாத்திரத்தின் உள்ளே மாதத்துக்கு ஒன்றாக 12 வரிசைப் புள்ளிகள் இருக்கின்றன. எகிப்தியர்கள் இரவை எப்போதும் 12 பங்காகத்தான் பிரித்தார்கள். கோடையில் பங்கு சின்னது, குளிர்காலத்தில் பெரியது. மணியின் நீளமே மாறுகிறதே!

பரணி67: அது மாதக் கணக்கு மேடம். ஒரே இரவின் 12 பங்கும் சமமாக இருக்க வேண்டாமா? நேர்ச்சாய்வில் அது நடக்காது.

நாழிகைவட்டில்: நம் முறையில் இந்தத் தலைவலியே இல்லை. அடியில் ஊசித்துளை போட்ட செப்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டால், நிறைந்து மூழ்க ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். நடுவில் வேகம் கூடினாலும் குறைந்தாலும் மொத்தம் மாறாது. முல்லைப்பாட்டின் பாசறையிலேயே பொழுது அளப்பவர்கள் வருகிறார்கள்.

செந்தூரன்: எதைப் பேசினாலும் முல்லைப்பாட்டுக்கு வந்துவிடுவீர்களே! மொத்தம்தான் கணக்கு என்றால் ஏதென்ஸ் நீதிமன்ற மண்பானையும் அதே கதைதான். சுமார் 6.4 லிட்டர் வடிய ஆறு நிமிடம், அத்தோடு பேச்சை நிறுத்தவேண்டும்.

நாழிகைவட்டில்: எங்கள் இலக்கியத்தைச் சொன்னால் உங்களுக்கு ஏன் கசக்கிறது? போன மாதமும் இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள்.

பரணி67: உங்கள் பஞ்சாயத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. சாய்வே போதுமென்றால், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கண்டுபிடிப்பாளர் டெசிபியஸ் எதற்காகத் தன் நீர்க்கடிகாரத்தின் மேல்தொட்டியில் உபரி நீர் வழிந்துபோக வழி வைத்தார்? மட்டம் மாறாமல் இருந்தால்தான் ஓட்டம் மாறாது. நேர்ச்சாய்வு அதைச் செய்யாது.

செந்தூரன்: ஓர் இரவில் கொஞ்சம் முன்னே பின்னே போனால் கோயில் பூசாரிக்கு என்ன நட்டம்?

பரணி67: அப்படியானால் சீராக இறங்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

செந்தூரன்: எங்கே ஒத்துக்கொண்டேன்? அந்தச் சாய்வைக் காரணமில்லாமல் வைக்கவில்லை என்றுதான் முதலிலிருந்து சொல்கிறேன்.

பரணி67: முதலில் சொன்னது "கடைசிச் சொட்டு வரை". மேலே போய்ப் படித்துப் பாருங்கள். பத்தாவது மணிக்கும் இரண்டாவது மணிக்கும் மட்டம் ஒரே வேகத்தில் இறங்கியது என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.